சுறாவைக் காட்டிப் பிழைத்தால் சுறா பிழைக்குமா?

என்னிடம் உயர்தரத்தில் உயிரியல் படித்த மாணவன் ஒருவன் இப்போது திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். மஸ்கெலியா பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. சென்ற வாரம் இப்படி எழுதியிருந்தான்: “டீச்சர், விருந்தினர்களைப் புறாத்தீவுக்குச் சுறா பார்க்க அனுப்பிவைக்கிறோம். வெளிநாட்டு அம்மா ஒருவர், ‘நாங்கள் வந்து பார்ப்பதால்தான் இந்தச் சுறாக்கள் உயிரோடு இருக்கின்றன’ என்றார். அவருடைய கணவர், ‘இல்லை, நாம் வருவதால்தான் அழிகின்றன’ என்றார். யார் சொல்வது சரி?”

தம்பி, இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே தங்களைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். பார்க்க வருகிறவரைவிட முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவர், அந்தச் சுறாவைப் பிடிக்கக்கூடிய மீனவர். மற்றவர், ஒரு நாளைக்கு எத்தனை படகு போகலாம் என்று எண்ணி நிறுத்துகிற அதிகாரி. விருந்தினர் தரும் காசு மீனவரைச் சென்றடைந்து, அதிகாரியும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் சுறாச் சுற்றுலா சுறாவைக் காப்பாற்றும். இரண்டில் ஒன்று தவறினாலும் கெடுதல்தான். பல நாடுகளில் நடந்ததைப் படித்தும், புறாத்தீவில் என் கண்ணால் கண்டும் நான் வந்து சேர்ந்த முடிவு இது.

நீ அன்றாடம் காணும் சுறாவிலிருந்தே தொடங்குகிறேன். செட்டை நுனியைக் கறுப்பு மையில் தோய்த்து எடுத்ததுபோல் இருக்கும் பார்ச்சுறா அது. முழுதாக வளர்ந்தாலும் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர்தான். இடுப்பளவு தண்ணீரில் நீந்தும்; சில வேளை கணுக்காலளவு தண்ணீருக்கும் வந்துவிடும். பவளப் பாறைத் திட்டாகிய முருகைக்கல் பாரை விட்டுத் தூரம் போகாமல், சிறிய பரப்புக்குள்ளேயே சுற்றிவரும். ஒரு பேற்றில் இரண்டு முதல் ஐந்து குட்டிகள். இதை மனதில் வைத்துக்கொள். நெத்தலியும் சூடையும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகின்றன, பிடித்தாலும் பெருகும். சுறாவோ ஆடு மாட்டைப்போல் வயிற்றில் சுமந்து, விரல்விட்டு எண்ணக்கூடிய குட்டிகளை ஈனுகிற உயிர். பருவம் அடைவதற்கே அதற்குச் சில ஆண்டுகள் வேண்டும். ஒரு முறை குறைந்துவிட்டால் மீண்டு வர ஒரு தலைமுறை ஆகும்.

2010க்குப் பிறகு அநேகமாக ஒவ்வோர் ஓகஸ்ட் விடுமுறையிலும் எங்கள் பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிறேன். பலருக்கு அதுதான் முதல் கடல். ஒரு முறை, நோர்வூட் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி என் முழங்கையை இறுகப் பிடித்தபடி தண்ணீரில் நின்றாள். மணல் தரையில் முதலில் ஒரு நிழல் நகர்ந்தது; பிறகுதான் சுறாவைக் கண்டோம். எங்களுக்கு நான்கு மீற்றர் தள்ளி வந்தது. யாரோ தண்ணீரில் காலை அடித்த ஓசை கேட்டதும் வாலை ஒரே தடவை வீசி, வளைந்து மறைந்தது. அவளுடைய பிடி மெல்லத் தளர்ந்தது. “டீச்சர், அது நம்மைப் பார்த்துப் பயந்துவிட்டது” என்றாள். இன்று அவள் தாதியாக இருக்கிறாள். எங்கே என்னைக் கண்டாலும் அந்தச் சுறாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போவதில்லை. பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் பல ஆண்டுகள் முயன்றும் ஊட்ட முடியாத அக்கறை அது. சுற்றுலாவுக்கு நான் போடும் முதல் புள்ளி அதற்குத்தான்.

அதே நாளில், அதே இடத்தில், வேறொன்றையும் கண்டேன். பக்கத்தில் இன்னொரு கூட்டம். நீந்தத் தெரியாதவர்கள், மிதவை அங்கியை மாட்டிக்கொண்டு, களைத்தபோதெல்லாம் முருகைக்கல்லின்மேல் ஏறி நின்றார்கள். நான் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திருந்தேன். காலடியில் அது நொறுங்கும் ஓசை அப்பளம் உடைவதுபோல் கேட்டது. உடைந்த கிளையின் உள்ளே சுண்ணாம்பு வெள்ளை. கிளைவிடும் வகை ஓரளவு விரைவாக வளரும். உருண்டை வகை ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர்தான் வளரும். கால்பந்தளவு உருண்டை ஒன்றுக்கு உன் வயதிருக்கும். அந்தப் பாரில்தான் சுறாவின் இரையும் இருக்கிறது, குட்டிகள் ஒளியும் இடமும் இருக்கிறது. புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். போர்க்காலத்தில் உல்லாசப் பயணிகள் அநேகமாக எட்டிப் பார்க்கவில்லை. 2009க்குப் பிறகு வந்த கூட்டத்துக்கு அந்தச் சிறிய தீவு ஆயத்தமாக இருக்கவில்லை.

ஆனாலும் உலகத்துச் சுறாக்களைக் கொன்று குவித்தவை வலையும் தூண்டிலும்தான். அதை மறந்துவிட்டுச் சுற்றுலாவை மட்டும் பேசினால் கணக்கு பிழைத்துவிடும். 1970க்கும் 2018க்கும் இடையில் திறந்த கடலில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் 71 சதவீதம் குறைந்துவிட்டதாக 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. காரணம் அளவு மீறிய மீன்பிடி. நம் நாட்டில் 1990களின் இறுதியில் ஆண்டுக்கு 30,000 தொன்னுக்கு மேல் சுறா பிடிபட்டது. 2010களில் அது சில ஆயிரம் தொன்னாக விழுந்தது. சட்டங்கள் இருக்கின்றன. செட்டையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசக்கூடாது என்று 2001இல் விதி வந்தது. உடம்பளவுக்கு வால் நீண்ட சுறாக்களைப் பிடிப்பது 2012இல் தடைசெய்யப்பட்டது. 2015இல் திமிங்கிலச் சுறாவும், செட்டை நுனி வெளுத்த ஆழ்கடல் சுறாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. இந்தத் தடைகளில் பெரும்பாலானவை வருவதற்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது.

இந்தக் கதை கடற்கரையோடு நிற்பதும் இல்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஹட்டன் கடைத்தெருவில் கருவாட்டுக் கடை முன்னால் ஒரு நிமிடம் நின்று பார். பலகைபோல் அறுத்து, விளிம்பில் உப்புப் பூத்து அடுக்கியிருக்கும் சுறாத் துண்டுகளின் நெடி மூக்கில் ஏறும். அது ஏன் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? உப்புக் கடலில் உடம்பு நீரை இழந்துவிடாமல் இருக்க, சுறா தன் இரத்தத்திலும் தசையிலும் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கிறது. இறந்த பிறகு அது அமோனியாவாக மாறுகிறது. சம்பள வாரத்தில் லயத்து அடுப்பில் வேகும் கருவாடு தலைமுறைகளாக நம் சனத்துக்குக் கிடைத்த மலிவான புரதம். நான் பிள்ளை பெற்றபோது பால் ஊறும் என்று என் அம்மாவும் சுறாதான் சமைத்துத் தந்தார். சாப்பிட்டவரையோ பிடித்தவரையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வராது. இருவருக்கும் வயிறு இருக்கிறது. இப்படி வாங்க ஆள் இருக்கும்போது, வலையில் வந்த சுறாவை ஒரு மீனவர் விட்டுவிட வேண்டுமானால், உயிருள்ள சுறா அவர் வீட்டு அடுப்பை எரிக்க வேண்டும்.

சுற்றுலாவின் வாதம் இங்கேதான் வலுப்பெறுகிறது. மாலைதீவில் 1993இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். சுழியோடிகள் பார்க்க வரும் இடத்தில் வாழும் ஒரு சாம்பல் நிறப் பார்ச்சுறா ஆண்டுக்கு 3,300 அமெரிக்க டொலர் வருமானம் தந்தது. பிடித்து விற்றால் ஒரே தடவையில் 32 டொலர். அந்த நாடு 2010இல் தன் கடல் முழுவதிலும் சுறா பிடிப்பதைத் தடைசெய்தது. பசிபிக் கடலில் உள்ள பலாவு 2009இலேயே தன் கடலை உலகின் முதல் சுறாச் சரணாலயமாக அறிவித்திருந்தது. அங்கே 2011இல் வெளியான ஆய்வில், ஓர் உயிருள்ள சுறாவின் பெறுமதி ஆண்டுக்கு 1,79,000 டொலர் என்றும், அதன் ஆயுளுக்கு 19 இலட்சம் டொலர் என்றும், செத்த சுறா 108 டொலர் என்றும் கண்டார்கள். இந்த எண்களைக் கடல் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள், நானும் வகுப்பில் சொல்கிறேன். ஆனால் அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. சுறாச் சுழியோட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 180 இலட்சம் டொலர் ஈட்டியது. அதில் உள்ளூர் மக்களுக்குச் சம்பளமாகப் போனது 12 இலட்சம். பதினைந்தில் ஒரு பங்கு.

மலையகத்தாருக்கு இந்தக் கணக்கைப் பலகையில் எழுதி விளக்க வேண்டியதில்லை. பழைய துரை பங்களாக்கள் பலவற்றில் ஓர் இரவு தங்க வாங்கும் கட்டணம், அந்த ஜன்னலுக்கு வெளியே கொழுந்து பறிப்பவளின் மாதச் சம்பளத்தைத் தாண்டும். தேயிலை மலை அழகாக இருப்பது அவள் உழைப்பால். அவள் கூடையோடு நிற்கும் படம்தான் விளம்பரத்தில் இருக்கிறது. பணம் அவளிடம் வருவதில்லை. கடற்கரையிலும் இதுவே நடந்தால், படகுக் கம்பனிக்கும் ஹோட்டலுக்கும் சுறா உயிரோடு இருக்க வேண்டும். வலையோடு நிற்கும் மீனவருக்கு அது செத்துக் கிடந்தால்தான் இலாபம். அந்த நிலையில் எந்தத் தடையும் கடற்படை கண்காணிக்கும் நேரம் வரைக்கும்தான் செல்லும்.

பிஜித் தீவில் இதைச் சரியாகச் செய்தார்கள் என்று நினைக்கிறேன். பெக்கா வாய்க்கால் ஓரத்தில் ஒரு முருகைக்கல் பார். காளைச் சுறாக்கள் கூடும் இடம். அங்கே மீன்பிடிக்கும் பரம்பரை உரிமை சுற்றியிருந்த கிராமங்களுக்கு இருந்தது. 2004இல் அந்த இடத்தைக் காப்பகமாக்கியபோது, அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக, சுழியோட வரும் ஒவ்வொருவரும் கட்டும் வரி நேராகக் கிராமங்களுக்குப் போகும்படி ஏற்பாடு செய்தார்கள். கிராமத்து இளைஞர்களையே சுழியோடிகளாகவும் காவலர்களாகவும் பயிற்றினார்கள். யாராவது அங்கே திருட்டுத்தனமாக வலை விரித்தால், வெளியூர் அதிகாரி வருவதற்கு முன்பே ஊர்க்காரர் கேட்பார். தன் காசு போகிறது என்று அவருக்குத் தெரியும்.

காசு சரியான கைக்குப் போனால் மட்டும் போதுமா? பிலிப்பைன்ஸின் ஒஸ்லொப் என்ற ஊரைப் பார். 2011 வாக்கில் அங்கே மீனவர்கள் திமிங்கிலச் சுறாக்களுக்குச் சின்ன இறாலைக் கையால் போட்டு அழைக்கத் தொடங்கினார்கள். ஏழை மீனவர்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். வருமானத்தில் பெரும் பங்கு அவர்களுக்கே போகிறது. வலையை விட்டவர்களும் உண்டு. அந்த அளவில் நல்லது. ஆனால் திமிங்கிலச் சுறா பெருங்கடலைத் தாண்டிப் பயணிக்கிற உயிர். வாயைத் திறந்தபடி நீந்தி மிதவை உயிரிகளை வடிகட்டி உண்பது. ஒஸ்லொப்பில் அது படகின் அடியில் செங்குத்தாக நின்று, வாயை மேலே திறந்து காத்திருக்கப் பழகிவிட்டது. வழக்கத்தைவிட அதிக நாட்கள் அங்கேயே தங்குகிறது. படகு என்றால் உணவு என்று கற்றுக்கொண்ட சுறா, வேறு கடலில் வேறு படகை நோக்கிப் போகும்போது அதன் உடலைப் படகு இயந்திரத்தின் விசிறி கிழிக்கிறது. ஒஸ்லொப்புக்கு வரும் சுறாக்களில் மிகப் பெரும்பாலானவற்றின் உடலில் தழும்புகள் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு நாம் போன நாள் உனக்கு நினைவிருக்கும். வண்டிகள் நிற்கும் இடத்தில் கொம்பு விரிந்த ஆண் மரை ஒன்று, பிஸ்கட் பக்கற்றைப் பிரிக்கும் சத்தம் கேட்டு, உன் நண்பனின் தோளுக்குமேல் மூக்கை நீட்டியது. நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. காட்டு மரை மனிதன் வாடை பட்டாலே மறைய வேண்டியது. அந்த மரைகள் மனிதர் கையிலிருந்து தின்னப் பழகி, உணவோடு பொலித்தீனையும் விழுங்கி, குடல் அடைத்துச் செத்திருக்கின்றன. அதனால்தான் வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை வாங்கி வைக்கிறார்கள். மலையில் மரைக்கு நடந்ததே ஒஸ்லொப்பில் சுறாவுக்கு நடக்கிறது.

என் கையாலும் இது நடந்திருக்கிறது. ஓர் ஆண்டு, பிள்ளைகள் அரை மணி நேரம் தேடியும் சுறாவைக் காணவில்லை. படகுக்காரர் மடியிலிருந்த பையை அவிழ்த்து மீன் துண்டுகளை வீசினார். ஐந்து நிமிடத்தில் மூன்று சுறாக்கள். பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். நான் தடுக்கவில்லை, அதை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது. கரைக்கு வந்ததும் தனியாகக் கேட்டேன். “சுறாவைக் காணாமல் திரும்பினால் சில பேர் பேசிய கூலியைக் குறைத்துத் தருகிறார்கள், டீச்சர். நான் என்ன செய்ய?” என்றார். அவர் வீட்டில் மூன்று பிள்ளைகள்.

உணவு போட்டால் எல்லா இடத்திலும் சுறா கெட்டுவிடும் என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். பஹாமாஸில் இரை காட்டி அழைக்கப்படும் புலிச் சுறாக்களுக்குச் செய்மதிக் கருவி பொருத்திப் பார்த்தபோது, அவை அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்காமல் பெருங்கடலில் நெடுந்தூரம் சுற்றுவது தெரிந்தது. பெரிய கடலில் பெரிய சுறாவின் வாழ்வில் ஒரு துண்டு மீன் சிறிய விஷயமாக இருக்கலாம். ஆனால் புறாத்தீவின் பார்ச்சுறா அதே சின்னப் பாரில் வாழ்நாளைக் கழிப்பது. குழந்தைகள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் இடமும் அதுவே. அங்கே மீன் துண்டு போடுவது சுறாவுக்கும் கெடுதல், குழந்தையின் காலுக்கும் கெடுதல். நாளை ஒரு கடி நடந்துவிட்டால், அன்றைக்கே எல்லோரும் சுறாவைக் கொல்லத்தான் கேட்பார்கள்.

எண்ணி நிறுத்துவது எப்படி என்று மேற்கு அவுஸ்திரேலியாவின் நிங்கலூவில் கற்றுக்கொள்ளலாம். அங்கேயும் திமிங்கிலச் சுறாதான், ஆனால் இரை போடுவதில்லை. ஒரு சுறாவைச் சுற்றி 250 மீற்றருக்குள் ஒரே ஒரு படகுதான் நிற்கலாம். தண்ணீரில் ஒரே நேரத்தில் பத்துப் பேர்தான். தலைக்கும் உடலுக்கும் மூன்று மீற்றர், வாலுக்கு நான்கு மீற்றர் இடைவெளி. உரிமம் உள்ள படகுகள் மட்டும் போகலாம். பயணி கட்டும் தொகையில் ஒரு பகுதி கண்காணிப்புக்குப் போகிறது. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. திமிங்கிலச் சுறாவின் முதுகில் உள்ள வெள்ளைப் புள்ளிகள், நம் கைரேகையைப்போல, ஒவ்வொன்றுக்கும் வேறு. விண்மீன் கூட்டங்களின் படங்களை ஒப்பிட வானியலாளர் எழுதிய கணக்குமுறையை எடுத்து, 2005இல் அந்தப் புள்ளிகளை ஒப்பிடப் பயன்படுத்தினார்கள். அன்றிலிருந்து சுற்றுலாப் பயணி எடுக்கும் சாதாரணப் படமும் அறிவியலுக்குப் பயன்படுகிறது. எந்தச் சுறா எந்த ஆண்டு எங்கே வந்தது என்பது அந்தப் படங்களிலிருந்து தெரிகிறது.

எண்ணுகிறவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வெளிநாடு போக வேண்டாம். மிரிஸ்ஸவில் ஒரு நீலத் திமிங்கிலத்தைச் சுற்றிப் படகுகள் வளைத்து நிற்பதைப் பார்த்தால் போதும். தூரம் பற்றிய விதி காகிதத்தில் இருக்கிறது. மெக்சிகோவோ, குவாடலூப்பே தீவில் கூண்டுக்குள் நின்று வெள்ளைச் சுறா பார்க்கும் சுற்றுலாவை 2023 ஜனவரியில் அடியோடு மூடிவிட்டது. சுறாவுக்கு அது ஓய்வாக இருக்கலாம். ஆனால் அந்தத் தூரத்துத் தீவில் கடலைக் கவனித்துக்கொண்டிருந்த கண்களும் படகுகளோடு சேர்ந்து போய்விட்டன என்பது என் கவலை. மூடுவதைவிட எண்ணி நடத்துவதையே நான் விரும்புவேன்.

மலையில் இருக்கிற எங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மகாவலி இந்த மலைகளில் பிறந்து, 335 கிலோமீற்றர் ஓடி, நீ இருக்கும் மாவட்டத்தில் கொட்டியாரக் குடாவில் கடலில் சேர்கிறது. காட்டை வெட்டிய சரிவிலிருந்து கரையும் மண்ணும், மரக்கறித் தோட்டத்தில் அள்ளிக் கொட்டும் உரமும் அந்த நீரோடு இறங்குகின்றன. கலங்கல் நீரில் முருகைக்கல்லுக்கு வெளிச்சம் கிடைக்காது. உரம் சேர்ந்தால் பாசி அதை மூடும். ஹட்டனில் உட்கார்ந்துகொண்டு சுறாவைப் பற்றிப் பேச உனக்கென்ன உரிமை என்று யாராவது கேட்டால், இந்த ஆற்றைத்தான் காட்டுவேன்.

உன் வேலைக்கு வருகிறேன். நீ ஹோட்டல் மேசையில் இருக்கிறாய். விருந்தினர் எந்தப் படகில் போவது என்பது பெரும்பாலும் உன் வாயிலிருந்து வருகிறது. அது சிறிய அதிகாரம் அல்ல. ஊர் மீனவரின் படகுகளுக்கு முதலில் அனுப்பு. காலையில் ஒரே நேரத்தில் எல்லோரையும் தள்ளிவிடாமல் பிரித்து அனுப்பு. நீந்தத் தெரியாதவர் என்றால், தீவுக்குப் போகும் முன் கரையோர மணலில் மிதக்கப் பழகச் சொல். மணலில் நிற்கலாம், கல்லில் நிற்கக்கூடாது என்று அவர் மொழியிலேயே சொல்லிக்கொடு. முருகைக்கல்லை நினைத்தால், வெயிலுக்குப் பூசும் களிம்பைவிட நீளக்கை மேலாடை நல்லது. பார்ச்சுறாவின் முதுகுச் செட்டையில் உள்ள கறுப்பின் ஓரம் ஒவ்வொன்றுக்கும் சற்று வேறுபடும். விருந்தினர் எடுத்த தெளிவான படங்களைத் திகதியோடு வாங்கிச் சேர்த்துவை. மூன்று ஆண்டு சேர்த்தால் எத்தனை சுறா இருக்கிறது என்று நம்மால் ஒரு கணக்குப் போட முடியும்.

ஓகஸ்டில் முப்பத்திரண்டு பிள்ளைகளோடு வருகிறேன். மூன்று நடையாகப் பிரித்துக்கொள்வோம், ஒரு நடை திரும்பிய பிறகு அடுத்தது. பழைய படகுக்காரரையே ஏற்பாடு செய். மீன் துண்டு எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று சொல். சுறா வந்தாலும் வராவிட்டாலும் பேசிய கூலி முழுதாக உண்டு என்பதையும் இப்போதே சொல்லிவை.